வெயில் ஏறுது... கொசு மருந்து தோற்குது!

சித்திரை மாசம். ராத்திரி பதினோரு மணி. ஃபேன் சுத்துகிறதே தவிர, காற்றென்னவோ அடுப்படியிலிருந்து வருகிற மாதிரிதான் இருக்கிறது. சுவரைத் தொட்டால் சுடுகிறது. ப்ளக்கில் கொசு மெஷின் சிவப்புக் கண்ணை முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதுவும் 'ஃபுல்'லில்! அப்படியும் காதோரமாக அந்த ரீங்காரம்.

"ஏங்க, மெஷின் ஓடுதான்னு கொஞ்சம் பாருங்க."

"ஓடுதும்மா. லிக்விட்கூட நேத்துதான் மாத்தினேன்."

"அப்புறம் எப்படிக் கடிக்குது?"

"போலி சரக்கா இருக்கும். நாளைக்கு அண்ணாச்சி கடையில வேற பிராண்ட் கேட்டுப் பார்ப்போம்."

மறுநாள் அண்ணாச்சி ஒரு புதுப் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "இதைக் கொண்டு போங்கம்மா. புதுசா வந்திருக்கு. கொசு சுருண்டு விழுந்துரும்." விழுந்தது, ஒரு வாரம். பிறகு பழைய கதைதான். பத்தாததற்கு மெஷினோடு ஒரு காயிலும் சேர்ந்து புகைய ஆரம்பித்தது. அதற்கப்புறம் கொசுவை விட நாங்கள்தான் அதிகம் இருமினோம்!

இந்தக் கதை உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். "எல்லாம் கலப்படம் ஸார்" என்று கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு விட்டிருப்பீர்கள். என் கட்சி வேறு. குற்றத்தில் பாதி வெயிலுடையது. மீதிப் பாதி நம்முடையது. எப்படி என்று சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

கொசு 'பழகிக்' கொள்வதில்லை

"கொசுவுக்கு மருந்து பழகிப் போச்சு" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். நாம் காபிக்குப் பழகுகிற மாதிரி கொசுவும் மருந்துக்குப் பழகிவிட்டதாக நினைப்பு. ஒரு கொசுவின் ஆயுளே சில வாரம்தான். அதற்குப் பழக ஏது நேரம்?

நடப்பது வேறு. ஒரு கணக்குக்காக உங்கள் தெருவில் ஆயிரம் கொசு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மருந்து வைக்கிறீர்கள். 990 கொசு செத்துப் போகிறது. பத்து தப்பிக்கிறது. அந்தப் பத்துக்கும் பிறவியிலேயே ஏதோ ஒரு வித்தியாசம் உண்டு. சிலவற்றின் உடம்பில் விஷத்தை முறிக்கிற என்ஸைம் அதிகமாகச் சுரக்கும். வேறு சிலவற்றுக்கு, மருந்து போய் வேலை செய்ய வேண்டிய நரம்பு வாசலின் அமைப்பே கொஞ்சம் மாறியிருக்கும். பூட்டை மாற்றிவிட்டால் பழைய சாவி திரும்புமா? அந்த மாதிரி.

மற்றதெல்லாம் செத்துவிட்டதால் இந்தப் பத்துக்கும் இப்போது போட்டியே இல்லை. ஒரு பெண் கொசு ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு முட்டை இடும். பிறக்கிற குஞ்சுகளுக்கு அப்பா அம்மாவின் அந்த சாமர்த்தியம் சொத்தாகக் கிடைக்கிறது. அடுத்த தடவை அதே மருந்தை வைத்தால் பத்துக்குப் பதில் நூறு தப்பிக்கும். அதற்கடுத்த தடவை ஐந்நூறு. ஆக, கொசுவுக்கு நாம் மருந்து வைக்கவில்லை. பரீட்சை வைத்து, பாஸ் பண்ணினதை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்!

இது இன்றைக்கு நேற்று தெரிந்த விஷயமும் இல்லை. அமெரிக்காவில் பழத்தோட்டங்களில் செதில் பூச்சிக்கு அடித்த சுண்ணாம்பு-கந்தகக் கரைசல் சில இடங்களில் பலிக்காமல் போனதை மெலாண்டர் என்ற விஞ்ஞானி 1914-லேயே எழுதி வைத்தார். இன்றைக்கு ஏதாவது ஒரு மருந்தையாவது எதிர்த்து நிற்கிற பூச்சி இனங்கள் 500-க்கும் மேலே.

சரி, இதில் வெயில் எங்கே வந்தது? வருகிறது, இரண்டு வழியாக.

வெயில் செய்கிற முதல் வேலை

நமக்கு வெளியே 20 டிகிரியோ 40 டிகிரியோ, உடம்புச் சூடு 37 டிகிரியை ஒட்டியே இருக்கும். பூச்சிகளுக்கு அந்த வசதி கிடையாது. வெளியே எவ்வளவு சூடோ, அதுதான் அதன் உடம்புச் சூடு. அதனால் சூடு ஏற ஏற (ஒரு எல்லை வரைக்கும்) அதன் வளர்ச்சியும் வேகமாகிறது.

டெங்கு கொசுவையே எடுத்துக்கொள்வோம். 20 டிகிரி இருக்கிற இடத்தில் முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கும். 30 டிகிரியில் அதே வேலை பத்து நாளுக்குள் முடிந்துவிடும். ஊட்டியில் ஒரு தலைமுறை தலையெடுப்பதற்குள் மதுரையில் இரண்டு தலைமுறை தாண்டிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம் ஊர் சூட்டில் வருஷத்துக்கு இருபது தலைமுறை என்பது பெரிய விஷயமே இல்லை. மனுஷக் கணக்கில் இருபது தலைமுறை என்றால் 500 வருஷம். அதாவது விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் ஆண்ட காலத்திலிருந்து இன்று வரைக்கும்! அத்தனை தலைமுறையை கொசு ஒரே வருஷத்தில் ஓட்டிவிடுகிறது. தலைமுறைக்கு ஒரு பரீட்சை என்றால் வருஷத்துக்கு இருபது பரீட்சை. எதிர்ப்பு சக்தி வேகமாக வளராமல் என்ன செய்யும்?

குளிர் நாடுகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பனிக்காலம் வந்தால் பூச்சிக் கூட்டத்தில் பெரும்பாலானது செத்துப்போகும். கஷ்டப்பட்டு எதிர்ப்பு சக்தி வாங்கினதும் அதோடு சேர்ந்து ஒழியும். அடுத்த வருஷம் வேறு இடத்திலிருந்து பறந்து வருவது புதுக் கூட்டம். பழைய மருந்தே அதற்குப் பலிக்கும். நமக்கு அந்த சலுகை ஏது? நம் ஊரில்தான் குளிர்காலமே கிடையாதே!

காலிஃபிளவர் புழு சொல்லும் பாடம்

இதற்கு சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. காலிஃபிளவரை உப்புப் போட்ட வெந்நீரில் முக்கினால் பச்சையாக, மெல்லிசாக ஒரு புழு மிதந்து வருமே, பார்த்திருப்பீர்கள். அதில் முக்கியமான ஒன்று வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. கோஸ், காலிஃபிளவர் விவசாயிகளின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். டி.டி.டி.யை எதிர்த்து நின்ற முதல் பயிர்ப்பூச்சி என்று 1953-ல் இந்தோனேஷியாவின் ஜாவா தீவில் பெயர் வாங்கிய பூச்சி. அதற்கப்புறம் வந்த மருந்துகளிலும் பெரும்பாலானதை ஒரு கை பார்த்துவிட்டது.

இந்தப் பூச்சியைப் பற்றி சீன விஞ்ஞானிகள் 2021-ல் ஒரு பெரிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். உலகம் முழுக்கக் கிடைத்த விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததில், குளிர்காலத்திலும் பூச்சி சாகாமல் தங்குகிற இடங்களில் மருந்தை எதிர்க்கும் சக்தி, கோடையில் மட்டும் வந்து போகிற இடங்களை விட சராசரியாக 158 மடங்கு அதிகமாக இருந்தது! பூமி சூடானதால் 50 வருஷத்தில் இந்தப் பூச்சி குளிர்காலத்தைத் தாண்டி வாழக்கூடிய நிலப்பரப்பு சுமார் 24 லட்சம் சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்றும் அவர்கள் கணக்குப் போட்டார்கள். நம் இந்தியாவின் பரப்பே சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர்தான்.

புழு சாகவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? இன்னொரு ரவுண்டு மருந்து அடிப்பார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நாம் மெஷினை 'ஃபுல்'லில் வைத்துவிட்டு காயிலும் கொளுத்துகிறோமே, அதையேதான் அவரும் செய்கிறார். அவர் அடித்தது நம் தட்டுக்கு வருகிறது. நாம் கொளுத்தியது நம் நுரையீரலுக்குப் போகிறது.

வெயில் செய்கிற இரண்டாவது வேலை

வீட்டில் நாம் வாங்குகிற காயில், மேட், லிக்விட், ஸ்ப்ரே எல்லாவற்றிலும் அநேகமாக ஒரே குடும்பத்து மருந்துதான் இருக்கிறது. பைரித்ராய்டு என்று பெயர். சாமந்தி ஜாதியைச் சேர்ந்த ஒரு பூவில் இருக்கும் விஷத்தைப் பார்த்து, அதே மாதிரி ரசாயன சாலையில் செய்தது. பாக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் பாருங்கள். அலெத்ரின், ப்ராலெத்ரின், டிரான்ஸ்ஃப்ளூத்ரின், சைபர்மெத்ரின்... எல்லாம் 'த்ரின்' என்று முடியும்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. சூடு குறைவாக இருந்தால் வேலை நன்றாகச் செய்யும். சூடு ஏறினால் வீரியம் குறையும். பூச்சியின் நரம்பில் இருக்கும் சின்னச் சின்ன வாசல்களை மூடவிடாமல் திறந்தே வைப்பதுதான் இந்த மருந்தின் வேலை. நரம்பு வெடவெடத்து, பூச்சி துடித்து விழும். குளிர்ச்சியாக இருக்கும்போது அந்த வாசல் ரொம்ப நேரம் திறந்தே கிடக்கும். சூட்டில் சீக்கிரம் மூடிக்கொள்ளும். போதாக்குறைக்கு, விஷத்தை முறிக்கிற என்ஸைம்களும் சூட்டில் சுறுசுறுப்பாகிவிடும்.

எல்லாப் பூச்சிக்கும் எல்லா மருந்துக்கும் இது ஒரே அளவில் நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டெங்கு கொசுவையும் பெர்மெத்ரின் மருந்தையும் வைத்து அமெரிக்காவில் 2016-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 16 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரைக்கும் சூடு ஏற ஏற சாகிற கொசு குறைந்துகொண்டே வந்தது. 30-க்கு மேல் 34 வரைக்கும் மறுபடி கொஞ்சம் கூடியது. மொத்தத்தில் பார்த்தால் சூட்டில் மருந்துக்கு இறங்குமுகம்தான். மாலத்தியான் போன்ற பாஸ்பரஸ் குடும்பத்து மருந்துகளுக்கோ குணம் நேர்மாறு. பொதுவாக சூட்டில் அவற்றின் வீரியம் கூடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மருந்துக்கு கொசு சாகிறதா என்று பரிசோதிக்க உலக சுகாதார நிறுவனம் ஒரு முறை வைத்திருக்கிறது. நூற்றுக்கு 98 செத்தால் மருந்து பலிக்கிறது என்று அர்த்தம். 90-க்கும் கீழே போனால் எதிர்ப்பு சக்தி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பரிசோதனை நடக்கிற அறையின் சூடு 27 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும் என்பது விதி. ஒப்பிட்டுப் பார்க்க ஒரே அளவு வேண்டும், சரிதான். ஆனால் மே மாதத்து ராத்திரியில் நம் படுக்கையறை 27 டிகிரியிலா இருக்கிறது? பரிசோதனை சாலையில் பாஸான மருந்து நம் வீட்டில் திணறுவதில் என்ன ஆச்சரியம்?

அரைகுறையாக வேலை செய்யும் மருந்துதான் எல்லாவற்றிலும் ஆபத்து. டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை ரெண்டு நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கங்களில் பல தடவை படித்திருப்பீர்கள். கொசு விஷயமும் அதே வகைதான். அரை பலம் உள்ள கொசுவும் அரை பலம் உள்ள மருந்துக்குத் தப்பித்துக்கொள்ளும். முட்டை இடும். எதிர்ப்பு சக்தி படி ஏறும்.

இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901-லிருந்து 2018-க்குள் சுமார் 0.7 டிகிரி ஏறியிருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. 0.7 தானே என்று தோன்றும். கான்கிரீட் வீடும் தகர ஷெட்டும் நெருக்கியடித்த நம் தெருக்களில் ராத்திரி சூடு அதைவிட எத்தனையோ படி மேலே என்பது உங்கள் முதுகுக்கே தெரியும்.

பிராண்ட் மாற்றினால் போதாதா?

போதாது. அண்ணாச்சி எடுத்துக் கொடுத்த புதுப் பாக்கெட்டும் பழைய பாக்கெட்டும் ஒரே குடும்பம். அண்ணனுக்கு டிமிக்கி கொடுக்கத் தெரிந்த கொசுவுக்கு தம்பி எம்மாத்திரம்? பெட்டியின் கலர் மாறும், வாசனை மாறும், விலையும் மாறும். கொசுவின் நரம்பில் போய்த் தட்டுகிற வாசல் அதேதான்.

இன்னும் ஒரு சங்கதி. அந்த வாசலைத் தட்டிய முதல் ஆள் பைரித்ராய்டு இல்லை. டி.டி.டி. கதை பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதன் பூச்சி கொல்லும் குணத்தை 1939-ல் கண்டுபிடித்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் வருஷத்துக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா வந்துகொண்டிருந்த காலம் அது. 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பித்து வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள். 1965-ல் நோயாளிகள் எண்ணிக்கை ஒரு லட்சம் அளவுக்கு இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்கள். 1976-ல் அது 64 லட்சமாகத் திரும்பி வந்தது! கண்காணிப்பு தளர்ந்தது, பணத் தட்டுப்பாடு என்று காரணங்கள் பல. கொசு டி.டி.டி.யை எதிர்த்து நின்றதும் அதில் ஒரு முக்கியக் காரணம்.

டி.டி.டி.யும் பைரித்ராய்டும் பூச்சியின் நரம்பில் தட்டுவது ஒரே வாசலைத்தான். அதனால் டி.டி.டி. காலத்திலேயே பூட்டை மாற்றிக்கொண்ட கொசுக்களின் வாரிசுகளுக்கு, பின்னால் வந்த பைரித்ராய்டை சமாளிக்கப் பாதிப் பாடம் முன்பே தெரிந்திருந்தது. தாத்தா சேர்த்த சொத்து பேரனுக்கு வந்த கதைதான்.

நம் ஊர் கொசு வெளிநாடு போய் என்ன செய்தது தெரியுமா? மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிட்டு நகரங்களில் மலேரியா பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்ஸி கொசு சென்னைக்குப் பழைய ஆசாமி. அது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி நாட்டில் 2012-ல் தென்பட்டது. அந்த வருஷம் அங்கே மலேரியா வந்தவர்கள் வெறும் 27 பேர். 2020-ல் 73,000-க்கும் மேல். சூட்டைத் தாங்கும், பல மருந்துகளையும் தாங்கும் கொசு அது. சூடும் எதிர்ப்பு சக்தியும் கைகோர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு மாதிரி.

டோஸை ஏற்றினால் யாருக்கு நஷ்டம்?

கொசுவுக்கு இல்லை. நமக்குத்தான்.

ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடுகிற நுண்ணிய தூசியின் அளவு 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. வீட்டில் யாரும் சிகரெட் தொடக்கூடாது என்று கண்டிப்பாக இருக்கிற குடும்பங்கள்கூட ராத்திரி கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, குழந்தையின் தொட்டிலுக்குக் கீழே சுருளை ஏற்றி வைக்கின்றன. வீஸிங் உள்ள குழந்தைக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டாம்.

புகை இல்லாத லிக்விட் தேவலை. ஆனால் அதுவும் விஷம்தான். லேபிளில் "காற்றோட்டம் உள்ள அறையில் பயன்படுத்தவும்" என்று போட்டிருப்பதை யார் படிக்கிறோம்? தவழ்கிற குழந்தை லிக்விட் பாட்டிலைக் கழற்றி வாயில் வைத்துவிட்டால், தயவுசெய்து விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதில் மண்ணெண்ணெய் ஜாதித் திரவம் இருக்கும். வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விட்டால்தான் ஆபத்து அதிகம். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காலி பாட்டிலில் கற்பூரமும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றுகிற வைத்தியத்தையும், பதிவு எண்ணே இல்லாமல் பெட்டிக்கடையில் தொங்குகிற 'கொசு ஊதுவத்தி'யையும் அடியோடு விட்டுவிடுங்கள். கொசுவைக் கொல்லும் எந்தச் சரக்குக்கும் 1968-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

"அப்போ டெங்கு வந்தா பரவாயில்லையா?"

நான் இதைச் சொன்னதும் என் மாமியார் கேட்ட கேள்வி இது. "நீ பாட்டுக்கு மெஷினை நிறுத்துங்கறே. குழந்தைக்கு காய்ச்சல் வந்தா யார் பதில் சொல்றது?"

நியாயமான கேள்வி. வெயில் காலத்தில் டெங்கு பயமும் கூடத்தான் செய்கிறது. டெங்கு வைரஸ் கொசுவின் வயிற்றில் புகுந்து, அடுத்த ஆளுக்குக் கொடுக்கிற அளவுக்குத் தயாராக 25 டிகிரியில் சராசரியாகப் பதினைந்து நாள் ஆகும். 30 டிகிரியில் ஏழு நாளுக்குள்ளேயே தயாராகிவிடும்.

ஆனால் ஒன்று யோசியுங்கள் அத்தை என்றேன். டெங்கு கொசு கடிப்பது பகலில். காலையிலும் சாயங்காலத்துக்கு முந்தியும்தான் அதற்குப் பசி அதிகம். நாம் மெஷின் போடுவது ராத்திரியில். ராத்திரி நம் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சாக்கடையில் வளர்கிற க்யூலெக்ஸ் கொசு. ஆக, டெங்குவுக்குப் பயந்து நாம் ராத்திரி முழுக்க விஷத்தை ஏற்றுகிறோம். டெங்கு கொசுவோ காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து சாவகாசமாக எழுந்து வருகிறது!

மருந்தே வேண்டாம் என்பது என் வாதமில்லை. வீட்டிலோ தெருவிலோ டெங்கு, மலேரியா கண்டால் மருந்து வேண்டும், அவசியம் வேண்டும். அன்றைக்கு அது பலிக்க வேண்டுமானால், தினம் தினம் வீணாக்கக்கூடாது என்பதுதான் என் வாதம். பலிக்கிற மருந்து என்பது ஊர்க் கிணறு மாதிரி பொதுச் சொத்து. ஆளுக்கொரு பக்கம் இறைத்துக்கொண்டே இருந்தால் தீ பிடிக்கிற அன்றைக்கு வாளியில் தண்ணீர் வராது.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. எதிர்ப்பு சக்தி பூச்சிக்கு இலவசமாக வருவதில்லை. அப்படிப்பட்ட பூச்சி, மருந்து இல்லாத இடத்தில் பல சமயம் மற்றதை விட சோப்ளாங்கியாக இருக்கும். மருந்தை நிறுத்தி வைத்தால் சாதாரணப் பூச்சிகள் மறுபடி தலையெடுக்கும். எல்லா இடத்திலும் இது நடக்கும் என்று சொல்ல முடியாது. நடக்க வழி விடலாம் அல்லவா?

என்னதான் செய்யலாம்?

கொசு வலைக்குத் திரும்புவோம். வலைக்கு எதிர்ப்பு சக்தி எந்தக் கொசுவுக்கும் வராது. எத்தனை டிகிரி அடித்தாலும் அதன் வீரியம் குறையாது. "உள்ளே காத்து வராதே" என்பீர்கள். வலைக்கு வெளியே டேபிள் ஃபேனை வைத்துப் பாருங்கள், வரும். பகலில் தூங்குகிற கைக்குழந்தைக்கும் வலை கட்டாயம். ஜன்னலுக்கு நைலான் வலை அடித்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு புழுங்க வேண்டியதில்லை.

தண்ணீரைக் கவனிப்போம். வாரத்துக்கு ஒரு நாள் தொட்டி, டிரம், ஏர்கூலர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், கொல்லையில் கிடக்கிற பழைய ஆட்டுக்கல் குழி வரைக்கும் காலி பண்ணித் தேய்த்துக் கழுவுங்கள். தேய்ப்பது முக்கியம். டெங்கு கொசு முட்டையைத் தண்ணீருக்கு மேலே சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அது மாசக்கணக்கில் சாகாது. கோடையில் கொசு வளர்கிற வேகத்துக்கு ஐந்து நாளுக்கு ஒரு தடவை செய்தால் இன்னும் நல்லது.

மெஷின் வேண்டுமானால், படுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம், ஒரு ஜன்னலைத் திறந்து வைத்து. பிறகு ஆஃப் பண்ணிவிட்டு வலைக்குள் போய்விடுங்கள். மெஷினும் காயிலும் ஸ்ப்ரேயும் சேர்த்து ஒரே நாளில் வேண்டவே வேண்டாம்.

முனிசிபாலிட்டியைக் கேள்வி கேட்போம். புகை வண்டி வந்தால் சந்தோஷப்படுகிறோம். வராவிட்டால் போன் போட்டுத் திட்டுகிறோம். ஆனால் வண்டி வரும்போது என்ன செய்கிறோம்? கதவு ஜன்னலை எல்லாம் படீரென்று அடைக்கிறோம்! டெங்கு கொசு வீட்டுக்குள்ளே பீரோவுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. புகை போட்டார்களா என்று கேட்பதை விட, நம் ஏரியா கொசுவை எந்த மருந்து கொல்கிறது என்று கடைசியாக எப்போது சோதித்தார்கள், மருந்தை முறை வைத்து மாற்றுகிறார்களா, கோடைக்கு எது பொருத்தம் என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். புழுவாக இருக்கும்போதே அழிக்க பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து இருக்கிறது. 1976-ல் இஸ்ரேலின் பாலைவனத்தில் கண்டெடுத்தது. நம் புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி மையம்கூட அதில் ஒரு ரகத்தை உருவாக்கியிருக்கிறது. அதன் விஷம் பல துண்டுகள் சேர்ந்த கலவை என்பதால் பூச்சிக்கு அதை எதிர்ப்பது சுலபமில்லை. சாக்கடைக்கு மூடி போடுங்கள், தண்ணீரை முறையாக விடுங்கள் என்று கேட்பதும் கொசு ஒழிப்புதான். தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை வந்தால் ஜனங்கள் டிரம்மில் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்?

கடைசியாக ஒரு வார்த்தை

எங்கள் வீட்டில் இப்போது வலைதான். முதல் இரண்டு நாள் பையன் "ஜெயில் மாதிரி இருக்கும்மா" என்று சிணுங்கினான். மூன்றாம் நாள் அதற்குள் போர்வையைத் தொங்கவிட்டு கோட்டை கட்டிக்கொண்டான். மாமியார் மட்டும் இன்னும் அரை மனசோடுதான் இருக்கிறார். ஆனால் விடியற்காலை இருமல் குறைந்திருப்பதை அவரே சொன்னார்.

வெயிலை நம்மால் உடனே குறைக்க முடியாது. கொசுவின் வேகத்தையும் குறைக்க முடியாது. நம் கையில் இருப்பது அந்த மெஷினின் ஸ்விட்ச் ஒன்றுதான். இன்று ராத்திரி அதை 'ஃபுல்'லுக்குத் திருப்புவதற்கு முன்னால், கொல்லையில் ஆட்டுக்கல் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்!